தொலைநோக்கியும் காமிராவும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்கு, முதலில் ஊரின் கூரைகள் தோன்றும். அடுத்துக் காவிரியாறு தோன்றும். அதற்கும் அப்பால் தென்னஞ்சோலைகளின் இடையே திருவரங்கத்து இராசகோபுரம் தோன்றும். 13 நிலைகளோடு 72 மீட்டர் உயர்ந்து நிற்பது அக்கோபுரம். ஆயினும் அஃது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருத்தலால், நீட்டிய கையின் பெருவிரல் அதனை முழுதும் மறைத்துவிடும். அதன் உச்சியிலுள்ள கலசங்களை வெறுங்கண்ணால் எண்ணுதல் அரிது. ஒரு சிறு தொலைநோக்கியை அப்பக்கம் திருப்பினால், கலசங்கள் 13-ம் தனித்தனியே தெரியும். தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் இவ்வாற்றலை வியவாதார் இலர்.

இரவு வந்ததும் அதே தொலைநோக்கி நிலவின் மலைகளையும் பள்ளங்களையும், வியாழனைச் சுற்றும் திங்கள்களையும், சனியின் வளையத்தையும் நமக்குக் காட்டும். எனினும், தொலைநோக்கியின் பின்னே இருந்து பார்ப்பது மனிதக் கண்ணேயன்றோ? அக்கண்ணுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, தான் கண்டதைப் பிறருக்கு அப்படியே காட்ட அதனால் இயலாது. இரண்டாவது, ஒளியைச் சேர்த்து வைக்க அதனால் இயலாது. ஒரு மங்கலான விண்மீனை நொடிப்பொழுது பார்த்தாலும் ஒரு மணி நேரம் பார்த்தாலும், கண்ணுக்கு அது மங்கலாகவே இருக்கும். சொட்டுச் சொட்டாக விழும் நீரைக் குடம் நிரப்பிக்கொள்ளும், உள்ளங்கை நிரப்பிக்கொள்ளாது. ஒளியைப் பொறுத்தவரையில் கண் உள்ளங்கையைப் போன்றது. காமிரா குடத்தைப் போன்றது. ஆதலின், தொலைநோக்கியோடு காமிராவை இணைத்தபொழுது வானியலில் ஒரு புதிய காலம் பிறந்தது.

அக்காலம் பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம். 1609 ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கி வழியே நிலவைக் கண்டார். கண்டதைக் கையால் வரைந்து வைத்தார். அவருக்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வானியலார் அனைவரும் அவ்வாறே செய்தனர். ஒரே பொருளை இருவர் வரைந்தால் இரண்டு படங்களும் வேறுபட்டன. எது வானத்தின் இயல்பு, எது வரைந்தவரின் கற்பனை என்று துணிவது கடினமாயிற்று. 1840 ஆம் ஆண்டில், நியூயார்க்கு நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் நிலவை ஒளிப்படமாகப் பதிவு செய்தார். அவருடைய மகனார் ஹென்றி டிரேப்பர், 1880 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஒளிபடச் செய்து, ஓரியன் மண்டலத்திலுள்ள ஒண்முகிலைப் படமாக்கினார். 1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சார்ந்த ஆண்ட்ரூ காமன் அதே முகிலைப் படம் எடுத்தார். அதில், அதே தொலைநோக்கி வழியே கண்ணால் காணமுடியாத விண்மீன்களும் பதிந்திருந்தன. அன்று முதல் காமிரா கண்ணுக்குத் துணை என்னும் நிலையைக் கடந்து, கண் காணாததைக் காணும் கருவியாயிற்று.

நம் தமிழகமும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. கடல்மட்டத்திற்கு 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்துள்ள கோடைக்கானலில், 1899 ஆம் ஆண்டில் ஒரு சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே, வானம் தெளிந்த நாள்தோறும் கதிரவனைப் படம் எடுத்து வருகின்றனர். 15 செ.மீ. வாயகலமுள்ள ஒரு தொலைநோக்கி, கதிரவனின் உருவத்தை 20 செ.மீ. அகலத்திற்கு விரித்துத் தகட்டில் பதியச் செய்தது. 1909 ஆம் ஆண்டில் ஜான் எவர்ஷெட் அங்குப் பதிந்த நிறமாலைப் படங்களை ஆராய்ந்தார். கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிகள் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கின்றன என்று கண்டறிந்தார். அவ்வுண்மை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்படத் தொகுப்பு இப்பொழுது கணிப்பொறிப் பதிவுகளாக மாற்றப்பெற்று, உலகெங்குமுள்ள ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றது.

சென்னையில் 1927 ஆம் ஆண்டில் பிறந்தவர் வைணு பாப்பு. அவர் 1949 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபொழுது, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். பின்னர் அவருடைய முயற்சியால் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஓர் ஆய்வுக்கூடம் தோன்றியது. அங்கே 1986 முதல் இயங்கிவரும், 2.3 மீட்டர் வாயகலமுள்ள பெருந்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1988 ஆம் ஆண்டில் அதே காவலூரில் இராசமோகன் என்னும் வானியலார் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு, காவிரிக் கரையிலே வளர்ந்த கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பெற்றது. குறுங்கோளைத் தேடும் முறை எளியது. வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது இடைவெளி விட்டு இருமுறை படம் எடுத்தல் வேண்டும். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்; இடம் பெயர்ந்த புள்ளி எதுவோ அதுவே கோள். படத்தின் துணையின்றி இத்தகைய தேடல் நடவாது.

இனி, தொலைநோக்கியோடு காமிராவை இணைக்கும் முறைகளைக் காண்போம். அவை மூன்று.

முதல் முறை மிக எளியது. தொலைநோக்கியின் கண்வில்லை இருக்கும் இடத்தில் நம் கண்ணுக்குப் பதிலாகக் காமிராவின் வில்லையை வைத்தலே அது. கைப்பேசியிலுள்ள காமிராவே இதற்குப் போதும். ஆயின் கைப்பேசியைக் கையால் பிடித்தால் படம் நடுங்கும். கண்வில்லையின் நடுவும் காமிரா வில்லையின் நடுவும் ஒரே நேர்க்கோட்டில் நில்லா. ஆதலின், கைப்பேசியைக் கண்வில்லையோடு இறுகப் பற்றும் ஒரு பிடிப்பான் வேண்டும். நிலவையும் கோள்களையும் படம் எடுக்க இம்முறை ஏற்றது.

இரண்டாம் முறையில் கண்வில்லையையும் நீக்கிவிடுவர். காமிராவின் வில்லையையும் கழற்றிவிடுவர். அப்பொழுது தொலைநோக்கியே காமிராவுக்குப் பெரியதொரு வில்லையாக அமைகின்றது. தொலைநோக்கி குவிக்கும் உருவம் நேராகக் காமிராவினுள் இருக்கும் ஒளியுணரியின்மீது விழும். இரண்டையும் இணைக்க ஒரு வளையமும் ஒரு குழலும் தேவை. டி வளையம் எனப்படும் அவ்வளையத்தின் ஒரு பக்கம் காமிராவின் வாயில் பொருந்தும். மறு பக்கத்தில் திருகுமரை இருக்கும். அம்மரையில் குழலைத் திருகி, குழலைத் தொலைநோக்கியின் கண்வில்லைத் துளையில் செருகித் திருகாணியால் இறுக்குவர். அத்துளைகள் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம் என்னும் இரண்டு அளவுகளிலேயே செய்யப்படுகின்றன. காமிராக்களின் வாயோ நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே, வளையத்தை வாங்குமுன் அது தம் காமிராவுக்கு உரியதுதானா என்று தெளிதல் வேண்டும்.

மூன்றாம் முறையில் காமிராவின் வில்லையை மட்டும் கழற்றிவிட்டு, கண்வில்லையை அதன் இடத்திலேயே விட்டுவைப்பர். கண்வில்லை உருவத்தைப் பெரிதாக்கி ஒளியுணரியின்மீது வீழ்த்தும். கோள்களைப் பெரிதாகக் காண இது உதவும். ஆயின் உருவம் பெரிதாகுந்தோறும் ஒளி பரவி மங்கும், நடுக்கமும் பெரிதாகும்.

இரண்டாம் முறையில் உருவம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை எளிதில் கணக்கிடலாம். நிலவின் உருவத்தின் அகலம், குவியத் தூரத்தில் ஏறத்தாழ 110-இல் ஒரு பங்கு ஆகும். சாதாரணக் காமிரா வில்லையின் குவியத் தூரம் 50 மி.மீ. என்று கொள்வோம். அதில் நிலவின் உருவம் அரை மி.மீ. அளவும் இராது. குவியத் தூரம் 1,000 மி.மீ. உள்ள தொலைநோக்கியில் அது 9 மி.மீ. அளவுக்கு விழும். மலைக்கோட்டையிலிருந்து காணும் இராசகோபுரம், நிலவை இரண்டரை மடங்கு அடுக்கினாற்போன்ற உயரமுடையது. ஆதலின் அதன் உருவம் அதே தொலைநோக்கியில் 23 மி.மீ. அளவுக்கு விழும். புதிதாகப் பயில்வார் முதலில் இத்தகைய தொலைவிலுள்ள கோபுரத்தைப் பகலில் படம் எடுத்துப் பழகுதல் நன்று. இணைப்பு உறுதியாக உள்ளதா, உருவம் கூர்மையாக விழுகின்றதா என்பவற்றை வெளிச்சத்திலேயே அறிந்துகொள்ளலாம்.

இணைத்தபின் எழும் இடர்கள் சில உள. காமிராவின் எடையால் தொலைநோக்கியின் பின்பகுதி தாழும். குழாயைத் தாங்கியின்மீது சிறிது நகர்த்திச் சமன் செய்தல் வேண்டும். நியூட்டன் வகையைச் சேர்ந்த ஆடித் தொலைநோக்கிகள் சிலவற்றில், உருவம் குவியும் இடம் காமிராவினுள் இருக்கும் ஒளியுணரியை எட்டாது. அப்பொழுது, இடையில் பார்லோ வில்லை ஒன்றைச் செருகினால் குவியம் பின்னே தள்ளிப்போய் ஒளியுணரியை எட்டும். உருவத்தைக் கூர்மையாக்குவதற்குச் சிரியசு, அகத்தியர் போன்ற ஒளிமிக்க விண்மீனை நோக்கித் திருப்பி, அது மிகச் சிறிய புள்ளியாகத் தோன்றும்வரை குவியத்தைத் திருத்துதல் வேண்டும். காமிராவின் பொத்தானைக் கையால் அழுத்தினால் கருவி முழுதும் அதிரும். எனவே, அழுத்திய சில நொடிகள் கழித்துத் தானே படம் எடுக்குமாறு காமிராவில் ஏற்பாடு செய்துகொள்ளுதல் நலம். ஆடி மாதக் காற்றும் மார்கழிப் பனியும் இக்கலைக்குப் பகைகளே. முன்னது கருவியை அசைக்கும், பின்னது வில்லையில் ஈரம் படியச் செய்யும்.

இவை எல்லாவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. நாம் நிற்கும் நிலமே சுழல்கின்றது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழலுதலால், வானம் மணிக்கு 15 பாகை மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றுகின்றது. அரைப் பாகை அகலமுள்ள நிலவு, இரண்டே நிமிடங்களில் தன் அகலத்தளவு நகர்ந்துவிடும். 1,000 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் ஒரு விண்மீனின் உருவம் நொடிக்கு 0.07 மி.மீ. வரை நகரும். ஒளியுணரியில் ஒளியை ஏற்கும் நுண்கட்டங்களின் அகலமோ 0.005 மி.மீ. அளவினது. ஆகவே, ஒரே நொடியில் விண்மீன் பத்துக்கு மேற்பட்ட கட்டங்களைக் கடந்து கோடாகிவிடும். நிலவு ஒளி மிக்கது. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்திலேயே அதனைப் பதிந்துவிடலாம். அதற்கு இவ்விடர் இல்லை. ஒண்முகில்களுக்கும் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களுக்கும் நிமிடக்கணக்கில் ஒளி சேர்த்தல் வேண்டும். அவற்றைப் படம் எடுக்க விரும்புவார், பூமி சுழலும் வேகத்தில் எதிர்த்திசையிலே தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும் தாங்கியைப் பயன்படுத்துவர்.

அத்தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்றல் வேண்டும். அதாவது, வடதுருவத்தை நோக்கி நிற்றல் வேண்டும். துருவ விண்மீன் அத்திசையைக் காட்டும். ஓர் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில் வானத்தின் துருவம் நிற்கும் என்பது விதி. இலண்டனில் அது 51 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும். திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் ஏறத்தாழ 11 பாகையே. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால், அம்முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை ஆகும். அவ்வளவு தாழ்வாக நிற்கும் விண்மீனை வீடுகளும் மரங்களும் எளிதில் மறைத்துவிடும். திருவரங்கத் தீவின் வடக்கெல்லையில் கொள்ளிடம் அகன்று கிடக்கின்றது. அவ்வாற்றின் கரையில் வடவானம் தாழ்வு வரை திறந்து கிடக்குமாதலால், துருவ மீனைத் தேடுவார்க்கு அஃது ஏற்ற இடமாகும். மேலும், நம் ஊரில் தாங்கியின் அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் அமையும். குளிர்நாடுகளுக்கென்று செய்யப்பட்ட தாங்கிகள் சில அவ்வளவு தாழ வளையா. கருவி வாங்குவார் இதனை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நகரத்தின் விளக்கொளி மற்றொரு தடை. தெருவிளக்குகளின் ஒளி வானத்தில் பரவி, மங்கலான விண்மீன்களை மறைத்துவிடுகின்றது. பெரிய ஆய்வுக்கூடங்கள் மலைகளை நாடிச் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணம். எனினும் நகரத்தார் மனம் தளர வேண்டுவதில்லை. நிலவும் கோள்களும் கதிரவனும் விளக்கொளிக்கு அஞ்சா. மங்கலான பொருள்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒரே நீண்ட படத்திற்குப் பதிலாகச் சிறுசிறு படங்கள் பலவற்றை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பர். 100 படங்களைச் சேர்த்தால் உண்மையான ஒளி 100 மடங்காகும்; தாறுமாறாகத் தோன்றும் பொய்ப்புள்ளிகளோ 10 மடங்கே ஆகும். ஆகவே படம் 10 மடங்கு தெளிவு பெறும்.

இதுகாறும் கூறியவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. கதிரவனைத் தொலைநோக்கி வழியே ஒருநாளும் வெறுமனே பார்த்தல் ஆகாது. காமிராவின் கண்துளை வழியாகவும் பார்த்தல் ஆகாது. குவிந்த ஒளி நொடியிற் கண்ணைச் சுட்டுவிடும். விழித்திரை சுடப்படும்பொழுது வலி தோன்றுவதில்லை. ஆதலால் தீங்கு நேர்ந்தது உடனே தெரிவதும் இல்லை. கதிரவனுக்கென்று செய்யப்பட்ட வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயில், காற்றில் கழன்று விழாதவாறு பொருத்துதல் வேண்டும். கண்வில்லையின் பக்கத்தில் பொருத்தும் கறுப்புக் கண்ணாடிகளை நம்புதல் கூடாது. குவிந்த வெப்பத்தால் அவை திடீரென்று வெடிக்கும். தொலைநோக்கியோடு இணைந்த சிறு நோக்கியையும் மூடிவிடுதல் வேண்டும். ஆசிரியர் அல்லது பெரியோர் உடனிருக்கும்பொழுதே இம்முயற்சியில் இறங்குதல் மாணவர்க்குக் கடன்.

2019 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் காலை ஒன்பதரை மணியளவில், வளைய வடிவான சூரிய மறைப்பின் பாதை திருச்சிராப்பள்ளியின்மீது சென்றது. நிலவு கதிரவனின் நடுவை மறைக்க, எஞ்சிய ஒளி பொன்வளையமாக நின்றது. சில நிமிடங்களுக்கு மேல் நீடியாத அக்காட்சியைப் பதிந்தவர்கள், முன்னரே கருவியைப் பழகி வைத்திருந்தவர்களே. காட்சி தொடங்கிய பின் வளையத்தையும் வடிகட்டியையும் தேடுபவர்க்கு வானம் காத்திராது. 2031 ஆம் ஆண்டு மே 21 ஆம் நாள் அத்தகைய வளைய மறைப்பு ஒன்று தென்தமிழகத்தின் வழியே செல்லவிருக்கின்றது. இன்று பள்ளியிற் பயிலும் மாணவர் அதற்குள் இக்கலையில் தேர்ச்சி பெறலாம்.

படம் எடுத்தவுடன் செய்யவேண்டிய கடமை இன்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. எந்நாள், எந்நேரம், எவ்விடம், எத்தொலைநோக்கி, எத்தனை நொடி ஒளிபட்டது என்பவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். குறிப்பில்லாத படம் அழகுக்கு உதவும், அறிவுக்கு உதவாது. கோடைக்கானலில் ஒரு நூற்றாண்டுக்கு முன் எடுத்த தகட்டை இன்றைய ஆய்வாளர் கையில் எடுத்துக் கதிரவனின் பழைய நிலையை அறிகின்றனர் என்றால், அதற்குக் காரணம் படத்தோடு நாளும் நேரமும் பதிந்திருத்தலே. அத்தகட்டை எடுத்தவர் அதன் முழுப்பயனைக் காணவில்லை. ஆயினும் நாள்தோறும் தம் பணியைச் செவ்வனே செய்து வைத்தார். அவர் சேர்த்து வைத்தது ஒளியை மட்டும் அன்று. பின்வருவார்க்கு உரிய அறிவையும் ஆகும்.